போசி வைத்த வீடு

என் மனைவியின் வலக்கால் கணுக்கால்வரை பலகைக்குள் இறங்கிய காலையில்தான் எங்கள் வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஓசை கேட்டு மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது என் அகவைக்குப் பொருந்தாது, கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறினேன். திறந்த மாடியின் மரத்தளத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வெளியே நீட்டியிருந்தது; மற்றொன்று உடைந்த பலகைக்குள் இருந்தது. முகத்தில் வலி தெரிந்தது. வலியைவிட வியப்பே மிகுதியாகத் தெரிந்தது.

"ஏனுங்க, இங்க யாரு குழி வெட்டுனது?" என்று கேட்டார்.

பலகையின் விளிம்பை விரல்களால் நெம்பினேன். அது முறியவில்லை, ஆறிய களியைப் போலப் பிய்ந்து வந்தது. அடியில் கறுத்த நீரும் மக்கிய வேப்பிலையும் கிடந்தன. அவருடைய காலை மெல்ல வெளியே எடுத்தபோது தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஊறு இல்லை. கீழே அழைத்து வந்து மருந்திட்டு அமர்த்திவிட்டுத் திரும்பினால், சிறிது நேரத்தில் மறுபடியும் படிக்கட்டின் இரண்டாம் படியில் நிற்கிறார். மேலே போக வேண்டுமாம். போனது அவருக்கு நினைவில் இல்லை. கட்டுப்போட்ட காலை என்னிடம் காட்டி, இது எப்படி ஆயிற்று என்று என்னையே கேட்டார்.

சரவணம்பட்டிக்கு அருகே அந்த வீட்டை நான் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற காலத்தில் கட்டினோம். கீழே கூடம், சமையலறை, படுக்கையறை; மேலே ஓர் அறையும், கூடத்தின் கூரையாக அமைந்த திறந்த மாடியும். பெருந்துறைக்கு அப்பால் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர் என் மனைவி. மாடியில் பதித்த ஓடு பங்குனி வெயிலில் காலைப் பொசுக்கியது. கால் சுடாமல் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றார். திருமணமான நாள்தொட்டு அவர் தமக்கென்று கேட்ட பொருள்கள் மிகச் சில. ஆகவே உடனே தச்சரை அழைத்தேன். தச்சர் மாடியின் குறுக்கே மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, அவற்றைத் திருகாணியால் கற்காரைக் கூரையோடு இறுக்கி, மேலே பலகைகளைப் பரப்பினார். தெருவில் எல்லோரும் அதை டெக் என்றார்கள். நான் மரத்தளம் என்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி அதைப் 'பலகை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். மாலைதோறும் பலகையில் உட்கார்ந்து அவரை விதை உரிப்பார். அந்த இடத்தில் அவர் கொண்ட நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திருகாணி இறங்கிய ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வழி என்பதும், குறுக்கே கிடந்த சட்டங்கள் வயலின் வரப்பைப் போல மழைநீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கும் என்பதும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சில ஆண்டுகளில் கூடத்தில் ஒழுகத் தொடங்கியது. விருந்தினருக்காகப் போட்டிருந்த பிரம்பு நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு பழுப்புக் கறை தோன்றி, மழைக்கு மழை அகன்றது.

என் மனைவி அதற்காக ஒருமுறையும் முறையிட்டதில்லை. மேகம் இருண்டால் போதும். சமையலறையிலிருந்து வாயகன்ற ஈயப்போசி ஒன்றை எடுத்துவந்து கறைக்குக் கீழே வைப்பார். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். போசிக்குள் அடியில் ஒரு பழந்துணியை மடித்துப் போடுவார், சொட்டும் ஓசை வந்தவர்களின் பேச்சுக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று. பிறகு விருந்தினரின் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, "அக்கட்ட உக்காருங்க, இங்க ஒழுகும்" என்பார். காபி கொடுப்பதைப் போல, வெற்றிலைத் தட்டை நீட்டுவதைப் போல, இதுவும் அந்த வீட்டின் விருந்தோம்பலில் ஒரு பகுதியாயிற்று. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருவோர் தாமாகவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பின்பு அவருடைய நினைவு தேயத் தொடங்கியது. முதலில் அண்டை வீட்டாரின் பெயர்கள் போயின. அடுப்பை அணைக்கும் பழக்கம் போனது. தம் தாய் இறந்துவிட்டார் என்பது போனது. அதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு அழுதார், பிறகு நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். போகாமல் தங்கியவை சில. அவற்றுள் ஒன்று அந்தப் போசி.

மருத்துவர் ஒளிவு மறைவின்றிப் பேசினார். படிக்கட்டு உள்ள வீட்டில் இவர் இருக்கலாகாது. ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்வதும் இனி இயலாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவிநாசிக்குப் போகும் வழியில் முதியோர் குடியிருப்பு ஒன்றைப் போய்ப் பார்த்தேன். செவிலியர் உண்டு, தாழ்ந்த படிகள் உண்டு, இணையர் இருவரும் ஒன்றாகத் தங்கும் அறைகளும் உண்டு. அத்தகைய அறைகளில் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. அதற்கான முன்பணம் வீட்டை விற்றால்தான் கைக்கு வரும். மேலாளர் இரக்கமுள்ளவர், தை பிறக்கும்வரை எங்களுக்காக அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். அதற்குள் வர இயலாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பராமரிப்புப் பிரிவில் அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைக்கும், அங்கே துணைக்கு யாரும் தங்குவதற்கு அனுமதி இல்லை என்றார்.

வீட்டை விற்றால் அந்த அறையில் இருவரும் இருப்போம். விற்காவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களின் எஞ்சிய காலம், மக்கிப்போன சில பலகைகளின் மேல் வந்து நின்றது.

தரகர் வந்தார். வெள்ளைச் சட்டையும் இரண்டு கைப்பேசிகளுமாக மாடியைச் சுற்றிப் பார்த்தவர், எட்ட நின்று மரத்தளத்தை அழகாகப் படம் பிடித்தார். இப்போதைய இளையோருக்கு டெக் என்றால் கொள்ளை ஆசை, இந்தப் படத்துக்கே ஆள் வரும் என்றார். உடைந்த பலகையைக் காட்டினேன்.

"அட, அதுக்கென்னங்க சார். மேலாப்புல வார்னிஷ் அடிச்சு, ஒடஞ்ச எடத்துல ஒரு பூந்தொட்டிய வெச்சுப்போட்டாத் தீந்துது. வாங்கறவங்க வந்து குதிச்சா பாக்கப் போறாங்க?"

இன்னொரு வீட்டுப் பெண்ணின் கால் அதே குழியில் இறங்குவதை எண்ணிப் பார்த்தேன். முறையாகச் செப்பனிட்டுத்தான் விற்பேன் என்றேன். தரகர் வானத்தைப் பார்த்தார். ஐப்பசி பிறந்திருந்தது.

நீர்க்காப்பு வேலைக்கு உக்கடத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தாடி, ஓயாத பேச்சு. அவருடைய தந்தையார் கூரைக்கு ஓடு வேய்ந்தவராம். இவர் ஒரு சட்டத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அய்யா, இது டெக்கு இல்லீங்க, ஸ்பாஞ்சு. புழிஞ்சா ஒரு கொடம் தண்ணி வரும்" என்றார். பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலானவை கையோடு வந்தன. அடியில் கரையான் வீடு கட்டியிருந்தது. பாசியைச் சுரண்டி, துளைகளை அடைத்து, வெடிப்புகளைக் கீறிப் பூசி, நீர் வடிகுழாயான தூம்பை நோக்கி ஓடும்படி வாட்டத்தைத் திருத்தி, அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு பூச வேண்டும் என்று முறையாகச் சொன்னார். எல்லாம் சரி, பூச்சு காய்வதற்கு இடைவிடாத வெயில் வேண்டும். இரண்டு நல்ல வெயில் போதும் என்று முதல் நாள் சொன்னவர், மறுநாள் மூன்று என்றார், அதற்கு மறுநாள் எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்தார்.

அந்த வெயிலுக்காக நான் காத்திருந்ததைப் போல வாழ்நாளில் எதற்கும் காத்திருந்ததில்லை. விடிந்ததும் மாடிக்குப் போய்க் கிழக்கே பார்ப்பேன். அவிநாசிப் பக்கம் கறுத்திருந்தால் அன்றைய நாள் போயிற்று. தெளிந்திருந்தால் உக்கடத்துக்காரரைத் தொலைபேசியில் அழைப்பேன். அவர் வந்து சேர்வதற்குள் வானம் மூடிக்கொள்ளும். ஒருநாள் துணிந்து முதற்பூச்சைப் பூசினார். மதியம்வரை வெயில் எரித்தது. நானும் நம்பினேன். மாலையில் முன்னறிவிப்பே இல்லாமல் மழை கொட்டியது. தார்ப்பாயை இருவரும் இழுத்து விரிக்கப் பார்த்தோம். காற்று அதைப் பிடுங்கி அண்டை வீட்டு முருங்கை மரத்தில் போட்டது. பூச்சு கரைந்து, தூம்பின் வழியே பால்போல வெள்ளையாக இறங்கித் தெருச் சாக்கடையில் ஓடிற்று. நான் குடையை விரித்து, பூசிய தளத்தின் ஒரு மூலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தலையும் உடலும் நனைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு மூலையாவது எஞ்சட்டும் என்று எண்ணினேன்போலும்.

"கொடைய மடக்குங்கய்யா" என்றார் அவர். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் யார்கிட்ட வேல செய்யறது?"

மாடிக் கதவை அந்நாள்களில் பூட்டியே வைத்திருந்தோம். என் மனைவி உட்புறமிருந்து தட்டுவார். "ஏனுங்க, கதவத் தெறங்க. பலகைல காயப்போட்ட துணியெல்லாம் நனையுதுங்க" என்பார். அங்கே துணியும் இல்லை, பலகையும் இல்லை. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அழுகையில் முடியும். ஒருநாள் நான் வாய் திறப்பதற்குள் அந்த நரைத்த தாடிக்காரர் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்:

"அம்மா, துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சுட்டனுங்க."

"நீ நல்லா இருப்பே கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பிறகு உக்கடத்துக்காரருக்குக் காபி கொண்டுவந்தார். சற்று நேரத்தில் மீண்டும் கொண்டுவந்தார், அதற்குப் பிறகும் கொண்டுவந்தார். அவரும் ஒவ்வொன்றையும் அப்போதுதான் முதன்முதலாகக் குடிப்பவர்போல வாங்கிக் குடித்தார்.

கார்த்திகையில் வானம் இரங்கியது. சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டி, பூசியதையே மறுபடி பூசி, மூலைகளில் வலைத்துணி ஒட்டி, பூச்சின்மேல் பூச்சு இட்டு முடித்தார்கள். புதிய சட்டங்களைக் கற்காரையில் திருகாமல் ரப்பர்த் துண்டுகளின்மேல் வெறுமனே உட்கார்த்தி, நீர் அடியில் ஓடும்படி வாட்டத்தோடு ஒத்த திசையில் வைத்து, புதுப்பலகை பரப்பினார்கள். கூடத்தின் கூரையில் இருந்த கறையைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். அதற்குப் பின் ஒரு கனமழை பெய்தது. நான் கூடத்தில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

என் மனைவி வழக்கம்போலப் போசியை வைத்திருந்தார். மழை விட்டதும் குனிந்து பார்த்தார். உள்ளே துணி உலர்ந்திருந்தது.

"யாரோ கொட்டிட்டாங்க" என்று சொல்லிப் போசியை எடுத்துப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிக்கத் தக்கதன்று என்பது பின்னால்தான் தெரிந்தது.

மார்கழியின் தொடக்கத்தில் தரகர் ஒரு கணவன் மனைவியை அழைத்து வந்தார். அவிநாசிப் பக்கம் காடுகரை உள்ள குடும்பம். இப்போது பின்னலாடைத் தொழிலும் நடத்துகிறார்கள். மகள் சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்ததால் இங்கே வீடு பார்த்தார்கள். கணவர் அதிகம் பேசாதவர். சுவரைத் தட்டுவதும் குழாயைத் திறந்து மூடுவதுமாக இருந்தார். அவர் மனைவி நேரே மாடிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கால் சுடலீங்க" என்றார். என் நெஞ்சு எம்பிக் குதித்தது. அந்தச் சொற்களை என் மனைவியைத் தவிர வேறொருவர் வாயில் நான் கேட்டதில்லை.

கீழே வந்தோம். பழைய ஒழுகலைப் பற்றி அவர்களிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். இருந்தது, முறையாகச் சரிசெய்தாயிற்று, மழையிலும் பார்த்தாயிற்று என்று மூன்று வாக்கியங்களை மனத்துக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கேட்டால் சொல்லலாம், கேட்காமல் எதற்கு என்று தரகர் முன்பே கண்டித்திருந்தார். நான் கேளாமலே சொல்வதென்றிருந்தேன். அந்த அம்மையார் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தார். தலை வாரி, நல்ல புடவை கட்டி, முகம் மலர்ந்திருந்தார். வந்தவர்களை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்பது எனக்குத் தெரிந்தது. கையில் போசி இருந்தது.

"கண்ணு, அக்கட்ட உக்காருங்க. இங்க ஒழுகும்" என்றார்.

வந்த அம்மையார் மறுபேச்சில்லாமல் எழுந்தார். பெரியவர்கள் சொன்னால் எழும் வழக்கத்தால் எழுந்தார். என் மனைவி நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார். போசியைத் தரையில் வைத்தார். உள்ளே துணியைச் சீராக மடித்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மையார் மேலே பார்த்தார். புது வெள்ளை. அவருடைய கணவரும் பார்த்தார். கறையை மறைக்கவே அந்த வெள்ளை அடிக்கப்பட்டது என்று எண்ணினால் அவர்களை நான் குறை கூற மாட்டேன்.

"முன்ன ஒழுகிட்டிருந்ததுங்க. இப்ப சரி பண்ணியாச்சுங்க" என்றேன். நான் அடுக்கி வைத்த வாக்கியங்களில் இவ்வளவுதான் வெளியே வந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் சினம் இல்லை. எனக்காக வெட்கப்படும் பார்வை அது. "ஏனுங்க, வந்தவங்ககிட்டப் பொய் சொல்றீங்க? நேத்துக்கூட ஒழுகுச்சுங்களே. நாந்தானே போசிய எடுத்துக் கொட்டுனேன்."

தரகர் சிரித்துக்கொண்டே முன்வந்தார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு சற்று முன்பின்னாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். என் மனைவியின் முகத்தில் மலர்ச்சி நின்றுபோனது. தம்மைப் பற்றித் தம் எதிரிலேயே ஏதோ பேசப்படுகிறது என்பதை உணரும் அளவுக்கு அவருக்குத் தெளிவு இருந்தது. மறுப்பதற்கு வேண்டிய அளவு இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர்களில் கணவர் என்னிடம் திரும்பினார். "நெசமா சார்? அம்மா சொல்றது சரிங்களா, இவரு சொல்றது சரிங்களா?"

கேள்வி எளியது. என் மனைவியின் மனம் சிதைந்துவிட்டது என்று அவர் காதுபடச் சொன்னால் வீடு விலைபோகும். அந்த அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்திருப்போம். எதற்காக இத்தனை பாடு பட்டேனோ அது அந்த ஒரு சொல்லில் கிடைக்கும். அவர் கை என் சட்டையில் இருந்தது.

"அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

காபி வந்தது, குடித்தார்கள். நல்ல காபி என்றார்கள். அந்த அம்மையார் என் மனைவியின் இரு கைகளையும் பிடித்து, "போயிட்டு வாரனுங்கம்மா" என்றார். வாயிற்கதவு வரை அவர்கள் பின்னாலேயே போனேன். அங்கே, என் மனைவியின் காதுக்கு எட்டாத இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன்: நோயைப் பற்றி, நீர்க்காப்பு வேலையைப் பற்றி, பெய்த மழையைப் பற்றி. சொல்லச் சொல்ல, வீட்டை விற்பதற்காக மனைவியைப் பித்துப்பிடித்தவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லும் ஒரு கிழவனின் குரலாகவே அது எனக்குக் கேட்டது. உள்ளே சொல்லாததை வெளியே சொன்னதால், இரண்டும் மெய்யில்லை என்றாயிற்று. அவர்கள் தலையசைத்தார்கள். "பேசிட்டுச் சொல்றமுங்க சார்" என்றார் அந்த மனிதர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்பதில்லை. அந்தப் பணிவைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதன் பொருளும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் விடவில்லை. மறுநாள் உக்கடத்துக்காரரை அழைத்தேன். அவர் தூம்பை அடைத்து, மாடிக்கதவின் நிலையோரம் மண்ணால் வரப்புக் கட்டி, பலகை மூழ்கும்வரை நீரை விட்டார். புதிய தளத்தை நாற்று நடவிருக்கும் வயலைப் போல நீரில் நிறுத்திவிட்டு நாங்கள் கீழே உட்கார்ந்தோம். என் மனைவி போசியை வைத்தார். இம்முறை நான் தடுக்கவில்லை. அது ஓர் அளவுகருவியாகட்டும் என்று இருந்தேன். காலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம், மதியம் உட்கார்ந்திருந்தோம், வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். கூரை வெள்ளையாகவே இருந்தது. போசித் துணி உலர்ந்தே இருந்தது.

மாடியில் நிற்கும் நீரையும் கீழே வறண்ட கூரையையும் கைப்பேசியில் படம் பிடித்துத் தரகருக்கு அனுப்பினேன். பதில் இல்லாமையால், இடைத்தரகரைப் பொருட்படுத்தாமல் அந்த மனிதரையே அழைத்துவிட்டேன். அவர்கள் வந்து நேரில் பார்க்க வேண்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் நீரை நிறுத்தி வைக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கூசிற்று. மாணவர்களிடம்கூட நான் அப்படி மன்றாடியதில்லை.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாமுங்க சார்" என்றார் அவர். "உங்க ஊட்டுமேல ஒரு குத்தமும் சொல்லலீங்க. எங்க குலசாமி கோயில்ல பூக் கேட்டமுங்க. செவப்பு வந்துபோடுச்சு. வெள்ள வந்திருந்தா அடுத்த நிமிசமே வந்திருப்பமுங்க."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தெய்வத்தின் முன் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுக்கவும் நிலம் வாங்கவும் அப்படித்தான் உத்தரவு கேட்பார்கள். கேட்டார்களா, கேளாமலே என் மனம் நோகாதிருக்கப் பூவின்மேல் பாரத்தைப் போட்டார்களா, நான் அறியேன். ஒரு பொறியாளரிடம் சான்று வாங்கி மனிதரோடு வழக்காடலாம். பூவோடு எப்படி வழக்காடுவது? உங்களுக்கு நல்ல இடமாக அமையட்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதற்குப் பின் வந்தவர்கள் சிலரே. வாயிலோடு திரும்பியவர்களும் உண்டு. ஏன் என்று தரகரை நெருக்கிக் கேட்டபோது, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அவர்கள் தொழிலில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டதாம். ஆளை அழைத்து வரப் புறப்பட்டாலே மற்றத் தரகர்கள், "எந்த ஊடு? அந்தப் போசி வெச்ச ஊடா?" என்று சிரிக்கிறார்களாம்.

"அம்மாவ அன்னைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் பக்கத்து ஊட்ல உக்கார வெச்சிருந்தீங்கன்னா, முடிஞ்சிருக்குமுங்க சார்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். உள்ளதைச் சொன்னார்.

தை பிறந்தது. மேலாளர் மேலும் ஒரு வாரம் பொறுத்தார். அந்த வாரத்தில் என் மனைவி, நான் குளித்துக்கொண்டிருந்தபோது, வாயிற்கதவைத் திறந்துகொண்டு சத்திச் சாலைவரை நடந்துவிட்டார். பேருந்துகளுக்கு நடுவே நின்றவரை ஒரு பழக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இதற்குமேல் தாமதிக்க எனக்கு உரிமை இல்லை. இணையர் அறை வேறொரு தம்பதியருக்குப் போனது. என் மனைவிக்குப் பராமரிப்புப் பிரிவில் சன்னலோரக் கட்டில் கிடைத்தது. அவரைக் கொண்டுபோய் விட்ட அன்று, பையில் புடவைகளோடு போசியையும் வைக்கலாமா என்று செவிலியரிடம் கேட்டேன். உலோகப் பொருள் வேண்டாம் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்தேன்.

வீடு இன்னும் விலைபோகவில்லை. நாள்தோறும் பிற்பகலில் பேருந்தேறி அவிநாசிச் சாலை வழியே போகிறேன், பார்வை நேரம் முடிந்ததும் மணி அடிக்கிறார்கள், திரும்பி வருகிறேன். மரத்தளம் உறுதியாக இருக்கிறது. இந்தக் கோடையில் பெய்த மூன்று நான்கு மழையிலும் ஒரு சொட்டு நீர் கூடத்தில் இறங்கவில்லை. உக்கடத்துக்காரர் ஒருமுறை இந்த வழியே வந்தவர், மேலே ஏறிப் பார்த்து மகிழ்ந்து, பத்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்றார். அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னேன். நான் போட்டுக் கொடுத்த காபியை அவர் பாதிக்குமேல் குடிக்கவில்லை.

சென்ற வாரம் நான் அங்கே இருந்தபோது மழை பிடித்தது. சன்னலில் சாரல் அடிக்கத் தொடங்கியதும் என் மனைவி கட்டிலை விட்டு எழுந்தார். தம் நாற்காலியை நகர்த்தினார், என் நாற்காலியை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். பிறகு எதையோ தேடினார்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போலாமுங்களா? மழ வருது. போசி வெக்கோணும்."

மணி அடித்தது. செவிலியர் கதவருகே வந்து நின்றார்.

"நான் போய் வெச்சுடறேன் அம்மணி. நீ இரு" என்றேன்.

"துணி போட்டு வெய்யுங்க. சொட்டுச் சொட்டுன்னு கேட்டா உங்களால படிக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அப்படியே செய்தேன். மறுநாள் போனபோது, அமர்ந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி அதுவே. என்னை யார் என்று அறியாத நாள்களும் இப்போது உண்டு, அன்று அறிந்திருந்தார்.

"ராத்திரி நெறஞ்சுதுங்களா?"

"பாதி நெறஞ்சுது."

"கொட்டிப்போட்டு மறுபடி வெச்சீங்களா?"

"வெச்சேன் அம்மணி."

அவர் நிறைவோடு தலையணையில் சாய்ந்தார்.